ஆபரேஷன் முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வர என்னென்ன கேட்க வேண்டும்?

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ரோஸ்கோபி (சிறு துளை வழி ஆபரேஷன்). ஒரே வயது, ஒரே மாதிரி உடல்நிலை. இங்கிலாந்தில் ஓர் ஊரில் காலையில் போனவர் சாயங்காலம் வீட்டில் ரசம் சாதம் சாப்பிடுகிறார். பக்கத்து மாவட்டத்தில் இன்னொருவரை ராத்திரி வார்டில் தங்கவைக்கிறார்கள். நான் என்எச்எஸ்ஸில் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) ப்ரீ-அசெஸ்மென்ட் நர்ஸ், அதாவது ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியைப் பரிசோதித்து விவரம் கேட்பவள். பல நேரம் இந்த வித்தியாசத்துக்கு நோயாளியின் உடம்பு காரணமில்லை, அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம்தான் காரணம். ஆகவே, கேளுங்கள் என்கிறேன்.

இது புது முறை இல்லை. கிளாஸ்கோ சர்ஜன் ஜேம்ஸ் நிக்கோல், கிட்டத்தட்ட 9,000 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதை 1909-லேயே எழுதியிருக்கிறார். 1990-ல் அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்த ஆடிட் கமிஷன் இங்கிலாந்து, வேல்ஸ் ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு தெரிந்தது. திட்டமிட்ட ஆபரேஷன்களில் 75 சதவீதம் பேரை அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2000-ல் அரசு வைத்த இலக்கு, இப்போது இங்கிலாந்தில் 85. பித்தப்பையை எடுத்து அன்றே அனுப்பினால் ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் தொகை என்றுகூட 2010-ல் கொண்டுவந்தார்கள். அப்படியும் வித்தியாசம் போகவில்லை. டே சர்ஜரிக்கு (அன்றே வீட்டுக்கு அனுப்பும் ஆபரேஷனுக்கு) தனி யூனிட் இல்லாமல் பொது வார்டுப் படுக்கையை நம்பியிருக்கும் இடங்களில், குளிர்காலம் வந்தால் அந்தப் படுக்கைகளில் அவசர நோயாளிகள் வந்துவிடுகிறார்கள்.

முதல் வேலை, ஜிபி (குடும்ப டாக்டர்) உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதே. இங்கிலாந்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு (வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அப்படி இல்லை). காத்திருக்கும் காலத்தோடு, இந்த ஆபரேஷனை அங்கே வழக்கமாக டே கேஸாக, அதாவது அன்றே அனுப்பும்படி, செய்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

அப்புறம் சர்ஜனிடம்: “என்னை டே கேஸாகப் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், என்ன காரணம்?” தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், கட்டுப்படாத சர்க்கரை என்று உங்கள் உடம்பு சார்ந்த காரணம் சொன்னால் தங்கிவிடுங்கள், அது உங்கள் நல்லதுக்கு. “இங்கே எல்லோருக்கும் அப்படித்தான்” என்பது மட்டும் பதிலானால், இன்னொரு தடவை கேளுங்கள். வயது, உடல் எடை இவற்றை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று மயக்க மருந்து நிபுணர்களின் வழிகாட்டலே சொல்கிறது.

ஆபரேஷன் லிஸ்டில் காலை நேரமும் கேளுங்கள். நாலு மணிக்கு மயக்கம் கொடுத்தால், தெளிந்து, ஏதாவது சாப்பிட்டு, எழுந்து நடந்து, சிறுநீர் போவதற்குள் யூனிட் மூடும் நேரம் வந்துவிடும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பட்டினி நேரம் குறையும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் தடுக்கி நிற்பது ப்ரீ-அசெஸ்மென்டில்தான். “வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டால், “யாரும் இல்லம்மா, மகன் வேலைக்குப் போயிடுவான்” என்பார்கள். படிவத்தில் ‘தனியாக வசிக்கிறார்’ என்று ஏறிவிடும், ராத்திரிப் படுக்கையும் பதிவாகிவிடும். கொஞ்சம் துருவினால், மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவராக இருப்பார்! அந்தக் கேள்விக்கு அர்த்தம், முதல் 24 மணி நேரம் கூட இருக்க வயதுவந்த ஒருவர் உண்டா என்பதுதான். யார் அழைத்துப் போவார், யார் ராத்திரி இருப்பார் என்று பெயரோடு முன்னாடியே முடிவு செய்து சொல்லுங்கள். இங்கிலீஷ் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், காசு கிடையாது. அப்பா அம்மாவுக்காக நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மகன் எதிரில் சொல்லாத மூச்சிரைப்பை மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வார்கள்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டப்பாவோடு கொண்டுவாருங்கள், ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம் உட்பட. சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

“படுக்கை இல்லாமல் துரத்துகிறார்கள்” என்று அம்மா வருத்தப்பட்டால், வீட்டில் எழுந்து நடமாடினால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து குறையும், ஆஸ்பத்திரிக் கிருமி தொற்றும் வாய்ப்பும் குறையும் என்று சொல்லுங்கள். கிளம்பும்போது யூனிட்டின் ராத்திரி போன் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் 111 (என்எச்எஸ் உதவி எண்). ரத்தம் நிற்காமல் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் 999 (அவசர எண்).