ரெசினில் அச்சிட்ட அலுமினா பாகத்தை விரிசல் விழாமல் சுடுவது

அலுமினா (அலுமினிய ஆக்சைடு என்ற பீங்கான் பொருள்) பொடி கலந்த ரெசினில், அதாவது ஒளி பட்டால் இறுகும் பிசினில், 3D பிரிண்டரில் அச்சிடும் பாகம் பெரும்பாலும் கெடுவது உலையில்தான். பிரிண்டரைத் திட்டிப் பயனில்லை.

முதலில் அளவு. நீளத்தில் 18 சதவீதம் சுருங்கும் ரெசினுக்கு வடிவத்தை 1.22 மடங்கு பெரிதாக்குங்கள். உயரவாக்கில் சுருக்கம் சற்றுக் கூடலாம், 20 மி.மீ. கனசதுரம் ஒன்றைச் சுட்டு, மூன்று திசையும் அளந்து திருத்துங்கள். சுவர் 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓரிரு நிமிடம் கழுவினால் போதும். ஊறினால் அடுக்குகள் பிரியும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது. 45 டிகிரியில் ஓர் இரவு உலர்த்துங்கள்.

இனி ரெசினை எரித்து வெளியேற்ற வேண்டும். 200 முதல் 450 டிகிரி வரை நிமிடத்துக்குக் கால் டிகிரிதான் ஏற்றலாம். அதற்கே ஏறக்குறைய 17 மணி நேரம். அவசரப்பட்டால் உள்ளே பிறக்கும் வாயு வழி கிடைக்காமல் பாகத்தைப் பிளக்கும். நடுவில் கரண்ட் போனால், வந்ததும் விட்ட வெப்பத்தை ஒரே பாய்ச்சலில் பிடிக்காதீர்கள். புகைபோக்கி கட்டாயம்.

600 டிகிரி தாண்டிய பாகம் சுண்ணாம்புக்கட்டி போல உதிரும். கையால் தொடாமல் அதே தட்டோடு அடுத்த உலைக்கு மாற்றுங்கள். அடியில் அலுமினாப் பொடி தூவினால் சுருங்கும்போது சிக்காது. அங்கே 1600 டிகிரியில் 2 மணி நேரம் சுடுங்கள். சாதாரணக் கம்பிச்சுருள் உலை இதைத் தாங்காது, மாலிப்டினம் டைசிலிசைடு ஹீட்டர் தேவை. நிமிடத்துக்கு 3 டிகிரியாக ஆறவிடுங்கள்.

ஆறியதும் சிவப்பு மையில் முக்கிக் கழுவுங்கள். விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும்.