பிளாட் படத்துக்கான ஒளிப்பெட்டி: நான் செய்து கெடுத்தவை

கடந்த அமாவாசையை ஒட்டிய இரவொன்றில், திருகோணமலைக்கு அருகே நிலாவெளிக் கரையில் மூன்று இளைஞர்கள் தாங்களே செய்த ஒளிப்பெட்டியைத் தொலைநோக்கியின் வாயில் கவிழ்த்துப் பிளாட் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது. ஆயினும் 10 ஆண்டுகளுக்கு முன்னர் திருகோணமலை நகரத்து உவர்மலையில் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து நான் ஒட்டிச் செய்த முதற்பெட்டியின் பிழைகள் யாவும் அதில் அப்படியே குடியிருந்தன. பற்றரியை ஏற்றாமல் வருவது, மூடியைக் கழற்ற மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரிரவு பட்டால் போதும். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொலைநோக்கியின் வாய் முழுவதும் ஒரே சீரான ஒளி விழும்போது எடுக்கும் படமே பிளாட். படத்தின் ஓரங்களில் ஒளி குறைவதும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அள்ளிவந்து கமராவின் உணரிக்கு முன்னே படியவிடும் தூசியின் வளைய நிழல்களும் அதில் பதிகின்றன. வான்படத்தைப் புள்ளிக்குப் புள்ளி பிளாட்டால் வகுத்தால் அவை நீங்கும். வகுக்கிறோம் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்: பிளாட்டில் இருக்கும் பொய் எதுவோ, அது அந்த இரவின் ஒவ்வொரு வான்படத்திலும் தலைகீழாக எழுதப்பட்டுவிடும். அந்திவானைக் கொண்டும் பிளாட் எடுக்கலாம். ஆனால் திருகோணமலை இருக்கும் 8.6 பாகை அகலாங்கில் சூரியன் ஏறக்குறைய நெட்டாக இறங்குவதால் அந்தி சட்டென்று கரைந்துவிடுகிறது. பெட்டி தேவைப்படுவது அதனால்தான்.

பெட்டியின் ஒளி சீரானது என்று கண்ணை நம்புதல்

இந்த ஒரு தவறு எனக்கு ஒரு கச்சான் பருவத்தையே தின்றது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அப்போது என்னிடம் இருந்தது 150 மில்லிமீற்றர் வாயும் 750 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட நியூட்டோனியன் என்னும் ஆடித் தொலைநோக்கி. தனுசு இராசியிலுள்ள எம் 8 என்னும் லகூன் நெபுலாவை, அந்த ஒளிரும் வாயு முகிலை, எடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை படங்களை அடுக்கினாலும் கீழ் இடது மூலை வெளிறியும் எதிர்மூலை கறுத்தும் வந்தன. உவர்மலையில் இருப்பவன் முதலில் எதைச் சந்தேகிப்பான்? துறைமுக விளக்குகளைத்தான். அவற்றைத் திட்டிக்கொண்டே, தொலைநோக்கியின் தாங்கியையும் பற்றரியையும் கட்டி ஏற்றிக் குச்சவெளிப் பக்கம் போனேன். ஒன்றல்ல, மூன்று அமாவாசைகள். அங்கே வானம் நன்றாகக் கறுத்திருந்தது. கீழ் இடது மூலை மட்டும் வெளிறியே இருந்தது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது தாங்கிதான். வான்பொருள் வடக்குத் தெற்காகத் தலைக்கு மேலே செல்லும் உச்சிவட்டத்தைக் கடந்ததும், வானத்தின் சுழற்சியோடு திரும்பும் மத்தியகோட்டுத் தாங்கியில் பூட்டிய தொலைநோக்கியை மறுபக்கம் புரட்டுகிறோம். அப்போது கமராவுக்குள் விழும் வானம் 180 பாகை சுழன்றுவிடுகிறது. வெளிச்சம் வானத்திலிருந்து வந்திருந்தால் அந்த வெளிறிய மூலையும் எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். அது அசையவில்லை. கமராவோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்த மூலைக்கும் துறைமுகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது, மூன்று மாதப் பெற்றோல் செலவுக்குப் பின்னர்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் இரவு நான் செய்த சோதனையைப் பெட்டி செய்த அன்றே செய்திருக்க வேண்டும். பெட்டியை வைத்து 20 பிளாட் படங்கள் எடுத்தேன். தொலைநோக்கியையும் கமராவையும் தொடாமல், பெட்டியை மட்டும் 90 பாகை திருப்பி மேலும் 20 எடுத்தேன். இரண்டு தொகுதிகளையும் தனித்தனியே சராசரியாக்கி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தேன். தூசியும் ஓர இருட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் வகுக்கும்போது அவை ஒழிந்துவிடும். மிஞ்சுவது பெட்டியின் குறை மட்டுமே. பெட்டி சரியாக இருந்தால் ஒழுங்கற்ற புள்ளி இரைச்சல்தான் மிஞ்ச வேண்டும். எனக்கோ படத்தின் குறுக்கே 4 சதவீதச் சரிவு மிஞ்சியது. 4 சதவீதத்தை இவ்வாறு படிப்படியாகச் சரிய விட்டால் எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. ஆனால் நெபுலாவின் மங்கலான வெளிப்பகுதிகள் வானப் பின்னணிக்கு மேலே எழுவதே ஓரிரு சதவீதம்தான். பெட்டியைப் பிரித்தபோது, எல்.ஈ.டி. பட்டியை மூலையில் ஈயம் வைத்து இணைத்த இடம் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து, அதற்கு அப்பாலுள்ள பக்கம் மங்கிக் கிடந்தது.

"பின்னணிச் சரிவை மென்பொருள் நீக்கிவிடுமே" என்றார் நிலாவெளியில் ஒரு தம்பி. நீக்கும், நெபுலாவின் வெளிப்பகுதியையும் சேர்த்தே நீக்கும். மேலும், வழக்கமாக அது செய்வது கழித்தல். பெருக்கலால் வந்த பிழையைக் கழித்தலால் சமப்படுத்தினால் பின்னணி மட்டும் தட்டையாகத் தெரியும். விண்மீன்களின் ஒளிர்வு மூலைக்கு மூலை பொய்யாகவே இருக்கும்.

விளக்குகளைத் தொலைநோக்கியை நோக்கி வைத்தல்

எல்.ஈ.டி. விளக்குகள் தொலைநோக்கிக்கு முதுகு காட்டியிருக்க வேண்டும். ஒளி பெட்டியின் பின்சுவரில் பட்டுச் சிதறித் திரும்பி, இடையே சில சென்ரிமீற்றர் இடைவெளி விட்ட இரண்டு பால்வெள்ளைப் பெர்ஸ்பெக்ஸ் தகடுகளைக் கடந்தே வெளியே வரவேண்டும். உட்சுவர்களுக்குப் பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சே ஏற்றது. இடம் மிச்சம் பிடிக்கப் பெட்டியைத் தட்டையாகச் செய்வோர் பலர். ஆழம் ஏறக்குறைய அகலத்தின் அளவாவது இருக்கட்டும்.

மங்கலாக்கும் திருகு

ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் மலிவான மங்கலாக்கிகள் ஒளியைக் குறைப்பதில்லை. மிக விரைவாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. குறுகிய நேரப் படங்களில் அது பட்டை பட்டையாக விழும். 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தில் எரியும் பல மின்குமிழ்களும் நொடிக்கு 100 முறை துடிப்பவையே. 12 வோல்ட் பற்றரியில் முழு ஒளியோடு எரியவிட்டு, முகத்தகட்டின் மேல் வெள்ளைத் தாள்களை அடுக்கி மங்கலாக்குங்கள். பிளாட் ஒன்றுக்கு ஒன்றிரண்டு வினாடிகள் பிடிக்கும் அளவுக்கு ஒளி குறைந்தால் போதும்.

கமராவைக் கழற்றிய பின் பிளாட் எடுத்தல்

எடுக்க வேண்டாம். தூசி இடம் மாறியிருக்கும். அந்தப் பிளாட் குப்பை.

குவியத்தை மாற்றுதல்

மேற்படி.

நியூட்டோனியனின் அடிப்பக்கம்

கறுப்புத் துணியால் மூடுங்கள். ஒளி ஆடியின் பின்னாலும் நுழையும்.

கூடிய ஒளியும் குறைந்த ஒளியும்

14 பிட் கமராவில் ஒரு புள்ளியின் ஒளியைக் குறிக்கும் எண்ணின் உச்ச அளவு 16383. பிளாட்டின் நடுப்பகுதி அதில் பாதியை எட்டினாலோ சற்றுக் குறைந்தாலோ நல்லது. வண்ணக் கமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியே பாருங்கள். பச்சை சரியாக இருக்கும்போது சிவப்பு தரையில் கிடக்கலாம். வெள்ளை எல்.ஈ.டி.யின் ஒளி 450 நனோமீற்றர் நீலத்தை ஒட்டி ஓங்கி, ஆழ்சிவப்பில் மெலிந்துவிடுகிறது. ஐதரசனின் 656.3 நனோமீற்றர் சிவப்பொளியை மட்டும் விடும் ஐதரசன்-அல்பா வடிகட்டியைப் போட்டவர்கள் பெட்டி பழுதாகிவிட்டதென்று நினைப்பது இதனாலேயே. தாள்களை எடுத்துவிட்டு நேரத்தைக் கூட்டினால் ஒளி வந்துசேரும்.

வாடைக்காலம்

ஒக்டோபர் தொடங்கி வாடை மழையோடு பெட்டி அலுமாரிக்குப் போகிறது. சித்திரையில் அதை எடுக்கும்போது தாள் பழுத்திருக்கும், உட்பூச்சில் பூஞ்சணம் பூத்திருக்கும், ஈய இணைப்புகளில் மறுபடியும் பச்சை ஏறியிருக்கும். தாள்களை மாற்றி, இணைப்புகளைச் சுரண்டி, 90 பாகைச் சோதனையை முதலிலிருந்து செய்த பின்னரே நான் கரைக்கு எடுத்துச் செல்கிறேன்.