சென்னைத் தெருக்களில் மரம் நட்டு வளர்க்கும் முறை

ஒரு தெருவில் வசிப்பவர்கள் ஒன்றுகூடி மரம் நட முடிவு செய்தால், எத்தனை கன்றுகள் கிடைக்கும் என்று விசாரிப்பதற்கு முன்பாக, அடுத்த இரண்டு கோடைகளிலும் தண்ணீர் ஊற்ற எத்தனை வீட்டார் முன்வருவார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு கன்றுக்கு இரண்டு வீடு என்று பொறுப்பைப் பிரித்துவிட்டால், ஒரு வீட்டார் ஊருக்குப் போனாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். நூறு கன்றுகளை நட்டுக் கைவிடுவதைவிடப் பத்துக் கன்றுகளை வளர்த்தெடுப்பதே மேல்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் சென்னையில் அப்போது கத்திரி வெயிலின் சூடுகூடத் தணிந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பர் இறுதியில் நட்டால் வேர் பிடிப்பதற்கு மூன்று மாத ஈரம் தானாகவே கிடைக்கும்.

சாலையோரம் நடுவதற்கு மாநகராட்சியின் அனுமதி தேவை. மின் கேபிளும் குடிநீர்க் குழாயும் நடைபாதைக்கு அடியில் செல்வதால், அவை போகும் தடத்தை உரிய துறையினரிடம் கேட்டறிந்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் மந்தாரை, பவழமல்லி போன்ற சிறு மரங்களும், திறந்த இடத்தில் வேம்பு, மகிழம், நாவல் போன்றவையும் பொருந்தும். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் கடலோரப் பகுதிகளுக்குப் பூவரசு, புன்னை, புங்கன் ஆகிய மூன்றையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஐந்தடி உயரமும் உறுதியான தண்டும் உள்ள கன்றைத் தேர்ந்தெடுங்கள். குழி மூன்றடி அகலமும் இரண்டு முதல் மூன்றடி ஆழமும் இருக்கட்டும். தோண்டும்போது வரும் சிமெண்டுத் துண்டுகளையும் கட்டட இடிபாட்டையும் அகற்றிவிட்டு, செம்மண்ணுடன் மட்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையை முழுவதும் கிழித்து எடுத்தபின் மண்கட்டியின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். நாற்றங்காலில் அதிக நாள் இருந்த கன்றுகளில் வேர்கள் அங்கே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை விரலால் பிரித்துவிட்டு, பிரிக்க முடியாதவற்றைக் கத்தரித்துவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் நட்டால், மரம் வளர்ந்த பிறகும் வேர்கள் வெளியே பரவாமல் காற்றுக்கு எளிதில் சாயும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் நிற்க வேண்டும். அதை மண்ணில் புதைத்தால் பட்டை அழுகிவிடும். ஊன்றுகோலில் கயிற்றால் எட்டு வடிவில், தண்டு சற்றே அசையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டி, ஓராண்டு கழிந்ததும் அவிழ்த்துவிடலாம்.

மழை நின்றதும் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு குடத்துக்குக் குறையாமல், மெதுவாக ஊற்ற வேண்டும். நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனைந்து வேர்கள் ஆழத்துக்குப் போகாது. ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பில்லை என்பதால் அதைச் சேமித்து ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு மிகுந்திருப்பதால் அதைத் தொடர்ந்து ஊற்றக்கூடாது. உதிர்ந்த இலைகளை எரிக்காமல், தண்டைத் தொடாதபடி சுற்றிப் பரப்பினால் ஈரம் காக்கும்.

வளர்ந்த மரங்களுக்கும் இதே அக்கறை வேண்டும். நடைபாதை போடும்போது அடிமரம்வரை சிமெண்டு பூசுவது, தண்ணீரும் காற்றும் வேருக்குச் செல்வதைத் தடுக்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. நம் தெருவில் வேலை தொடங்கும் அன்றே ஒப்பந்ததாரரிடம் பேசி அந்த இடத்தை விடச் செய்யுங்கள். விளம்பரப் பலகைக்காக அடித்த ஆணிகளைப் பிடுங்குங்கள். தண்டை இறுக்கத் தொடங்கிய இரும்புக் கூண்டையும் உடனே கழற்றுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கால்வாய் வெட்டும்போது ஒருபக்க வேரை அறுப்பதும், கம்பிக்காக ஒருபக்கக் கிளைகளை மட்டும் கழிப்பதும் மரத்தின் சமநிலையைக் கெடுத்து, இத்தகைய காற்றில் அதை விழச் செய்யும். ஆகவே, மழைக்காலத்துக்கு முன்பே கிளைகளைச் சீராகக் கழிக்கும்படி மாநகராட்சியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். கனமான கிளையை வெட்டும்போது, தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து பாதியளவும், பின்னர் அதற்குச் சற்று வெளியே மேலிருந்தும் அறுத்துப் பாரத்தை இறக்கிவிட வேண்டும். எஞ்சிய குச்சியை, கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே அறுத்தால், பட்டை உரியாமல் காயம் தானாக மூடிக்கொள்ளும்.