ஆளறியும் துப்பாக்கி: எதிர்காலப் போர்க்கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர்ப் பக்கம் எங்கள் ரேஷன் கடையில் மாதந்தோறும் பார்க்கும் காட்சி இது. தேயிலைக் கறை ஏறிய, நுனி வெடித்த விரலை ஒரு பாட்டி கைரேகைக் கருவியில் வைக்கிறார். கருவி ஏற்கவில்லை. “நன்றாகத் துடைத்துவிட்டு அழுத்தி வையுங்கள் பாட்டி” என்கிறார் விற்பனையாளர். முந்தானையில் துடைத்து அடுத்த விரல், பிறகு அதற்கடுத்தது. கடைசியில் கருவிழியைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறார்.

நண்பர்கள் எழுதும் எதிர்கால ராணுவக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வரும். நாயகன் தொட்டால் துப்பாக்கி பச்சை விளக்கு காட்டும், எதிரி தொட்டால் வெறும் கட்டை. ஒரு முறைகூடப் பிசகாது. முதல் தவறே இதுதான். தோலின் மேடு பள்ளங்களை நுண்ணிய மின் வேறுபாடுகளாக அளக்கும் உணரிக்குச் சேறும் ரத்தமும் ஈரமும் ஆகாது. சியாச்சினில் வெறுங்கையால் இரும்பைத் தொட்டாலே தோல் புண்ணாகும். அங்கே கையுறையைக் கழற்றி யார் விரல் வைப்பது?

சொந்த ஆளை மறுப்பது, அந்நியனை ஏற்பது என்று துப்பாக்கியின் இந்த ஆளறியும் பூட்டுக்கு இரண்டு வகைப் பிழைகள் உண்டு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். வீட்டு மேசையில் குழந்தை கைக்கு எட்டும் துப்பாக்கி என்றால், சந்தேகம் வந்ததும் பூட்டிக்கொள்வதே நல்லது. போர்க்களத்தில் அதே குணம் ஆளைக் கொன்றுவிடும். பல கதைகள் வீட்டுப் பூட்டை அப்படியே எல்லைக்கு அனுப்பிவிடுகின்றன.

இன்னொரு தவறு, எதிரி எப்போதும் கணினியில் தட்டித்தான் பூட்டை உடைப்பான் என்று எழுதுவது. உணரி எத்தனை கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியை மறித்து நிற்பது ஒரு சின்ன உலோகத் துண்டுதானே? ஆர்மாட்டிக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கைத்துப்பாக்கி, அதனுடன் வரும் கைக்கடிகாரம் அருகில் இருந்தால்தான் சுடும். 2017-இல் ஒருவர் சுமார் 15 டாலர் காந்தங்களைப் பக்கத்தில் வைத்து அந்தத் தடுப்பை விலக்கியே, கடிகாரம் இல்லாமல் அதைச் சுட்டுக் காட்டினார். அந்த வானொலித் தொடர்பை இடைமறித்துக் குழப்பவும் முடிந்தது. சிப்பாயின் கையில் உள்ள கருவி ஓயாமல் அலை பரப்பினால், அவன் பதுங்கியிருக்கும் இடமும் தெரிந்துபோகும் என்பது தனித் தலைவலி.

துப்பாக்கிக்கு ஒரே எஜமானன் என்று வைப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. பக்கத்தில் இருப்பவன் விழுந்தால் அவன் ஆயுதத்தை எடுத்துச் சுட வேண்டாமா? குழு முழுவதையும் பதிவு செய்யலாம். அப்படியென்றால் பிடிபட்டவனின் பெயரை யார், எப்போது நீக்குவது? கதை அங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் அதை எழுதுவதில்லை.

குன்னூரை ஒட்டிய வெலிங்டன் ராணுவ மையத்தில் பயிற்சி பெற்று ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு ஹவில்தாரிடம் இதையெல்லாம் விளக்கினேன். “தம்பி, தோட்டா சிக்கிக்கொண்டாலே எங்களுக்கு வியர்த்துவிடும். இதில் துப்பாக்கி யோசிக்கவும் வேண்டுமா?” என்று சிரித்தார்.

போன மாதம் வந்த ஒரு கதையின் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பினேன்: பேட்டரி தீர்ந்ததும் பூட்டு திறந்து நிற்குமா, மூடி நிற்குமா? நண்பரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.