டிரெயில் சவாரிக்குச் சேணம் வாங்கப் போகிறீர்களா? முதலில் குதிரையின் முதுகைப் பாருங்கள்

ஈசிஆர் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமாக அரை மணி நேரம் போய் வந்தால் எந்தச் சேணமும் நன்றாகத்தான் தெரியும், காடு, மண் பாதை என்று நீண்ட தூரம் போகும் மூன்று மணி நேர டிரெயில் சவாரியில்தான் அதன் குணம் வெளியே வரும். அதனால் கடையில் ஸ்டாண்டு மேல் ஏறி உட்கார்ந்து "நல்லா மெத்துனு இருக்கே" என்று வாங்கிவிடாதீர்கள். முதலில் குதிரைக்குப் பொருந்த வேண்டும், அப்புறம்தான் உங்களுக்கு.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோப்ரெட் குதிரைகளுக்குப் பொதுவாக விதர்ஸ், அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து எலும்பு மேடு, உயரமாக இருக்கும். அகலமான சேணத்தை வைத்தால் அது நேராக அந்த எலும்பின் மேல் இறங்கிவிடும். குறுகலாக இருந்தாலோ இரண்டு பக்கமும் கிள்ளும். இரண்டுமே குதிரைக்கு வலி, ஆனால் குதிரைக்கு அதைச் சொல்லத் தெரியாது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் வாரை இறுக்கும்போது காதை மடக்கும், கடிக்க வரும், நாம் முரட்டுக் குதிரை என்று பெயர் வைத்துவிடுவோம்.

சோதிக்கும் முறை இதுதான். பேட், அதாவது சேணத்துக்கு அடியில் போடும் மெத்தை, எதுவும் போடாமல் சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அது தானாகப் போய் நிற்கும் வரை பின்னுக்குத் தள்ளுங்கள். விதர்ஸுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் எலும்பில் தொடவே கூடாது. பின்னால் நின்று பார்த்தால் முதுகெலும்புக்கு மேல் வெளிச்சம் தெரிய வேண்டும். சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. பிறகு உள்ளங்கையை அடியில் விட்டு முன்னாலிருந்து பின்னால் வரை நகர்த்துங்கள், அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் இறுகி நடுவில் காலியாக இருந்தால் உங்கள் மொத்த எடையும் நான்கு இடத்தில்தான் இறங்குகிறது, அதை வாங்கவே வாங்காதீர்கள். இறுக்கமான சேணத்துக்கு அடியில் தடிமனான பேட் போட்டால் இன்னும்தான் இறுகும்.

முடிந்தால் வாங்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நம்ம ஊர் வெயில் இதில் உதவி செய்யும்: சேணத்தைக் கழற்றியதும் வியர்வையைப் பாருங்கள். முதுகெலும்பு ஓரம் காய்ந்திருந்தால் பரவாயில்லை, ஆனால் சுற்றிலும் நனைந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். பழைய சேணக் காயம் பட்ட இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும், அதையும் தேடுங்கள்.

உங்களுக்கு என்று பார்த்தால், உட்கார்ந்தபின் பின்பக்கம் ஒரு கை அகலம் மிஞ்ச வேண்டும், அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம், உங்கள் பூட்ஸைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்க வேண்டும். அமெரிக்க கௌபாய் பாணி வெஸ்டர்ன் சேணம் நீண்ட சவாரிக்குச் சுகம்தான், ஆனால் 15 கிலோ வரை சுலபமாக வந்துவிடும். சேணத்தோடு சேர்த்து குதிரை எடையில் 20 சதவீதத்துக்குள் சுமை இருப்பது நல்லது என்பார்கள். 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. 75 கிலோ ஆள் அந்தச் சேணத்தில் ஏறினாலே கணக்கு முடிந்தது. என் ஓட்டு எடை குறைந்த, அடிப்பக்கம் அகலமான, நீண்ட தூரச் சவாரிக்கென்றே செய்யும் எண்டியூரன்ஸ் சேணத்துக்கு.

கான்பூர் தயாரிப்புகள் எல்லா விலையிலும் கிடைக்கும், தரமும் அதே மாதிரி ஏறி இறங்கும். செகண்ட் ஹேண்ட் என்றால் சேணத்தின் முன்பக்கத்தைத் தொடையில் அழுத்திப் பின்பக்கத்தை உங்களை நோக்கி இழுங்கள். நடுவில் மடிந்தாலோ கிறீச்சிட்டாலோ உள்சட்டம் உடைந்திருக்கலாம். வார் மாட்டும் பட்டைகளின் தையலையும் இழுத்துப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் சேணம் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, காற்றோட்டமான நிழலில் வைக்க ஆள் இல்லையென்றால் வின்டெக் பிராண்டு மாதிரி சிந்தடிக் சேணம் வாங்குங்கள், தண்ணீரிலேயே கழுவிவிடலாம். எதை வாங்கினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பொருத்திப் பாருங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் திணிப்பு அமுங்கும், குதிரையும் இளைக்கும், பெருக்கும்.