லூப் அடிச்சா இடப்பக்கம் இழுக்கிற பிளேன்

என்ர பிளேன் றிமோட்டால ஓட்டுற மாடல், குவிக் ஃபிளை மாதிரி ஒண்டு, 1967 மாடல் பிளேன் உலகப் போட்டியில பில் கிராஃப்ட் வெண்ட டிசைன், பல்சா (பாரம் குறைஞ்ச மரம்) ரிப்புக்கு மேல சூட்டுக்குச் சுருங்கிற ஃபில்ம். நேரா ஓடேக்க இடப்பக்கம் கொஞ்சம் ஏலரோன் (செட்டையின்ர பின்பக்கம் அசையிற பலகை) ட்ரிம் போட்டா, அதாவது அதைக் கொஞ்சம் திருப்பியே வைச்சாச் சரி, ஆனா லூப் (மேல போய்த் தலைகீழாகி வாற வட்டம்) அடிச்சா இடப்பக்கம் விலத்திப் போகும், ஸ்பீட் குறைஞ்சா இடது செட்டை டக்கெண்டு விழும்.

சேர்வோவையும் (ஏலரோனை அசைக்கிற சின்ன மோட்டர்) ரெண்டு பக்கப் பாரத்தையும் செக் பண்ணினன், பிழை இல்லை. பிறகு பின்னால நிண்டு ஒரு கண்ணை மூடிப் பாத்தா இடது செட்டைன்ர நுனியில பின்விளிம்பு கீழ முறுகிக் கிடக்கு! கிளிநொச்சி வெயில், தகரக் கொட்டில், ஃபில்ம் ஒரு பக்கம் கூட இழுத்திருக்கு. முறுகின பக்கம் காத்தைக் கூடப் பிடிக்கும், அதாலதான் இடப்பக்க ட்ரிம் தேவைப்பட்டது, மெதுவா ஓடேக்க முதல்ல ஸ்டோல் ஆகுறதும் (காத்து தூக்காம விழுறது) அந்தப் பக்கம்தான்.

தம்பியைக் கூப்பிட்டு, நுனியில பின்விளிம்பு மேல வாறமாதிரி, வேண்டியதை விடக் கொஞ்சம் கூடவே முறுக்கிப் பிடியடா எண்டிட்டு, அயனுக்குப் பழைய சொக்ஸ் ஒண்டை மாட்டி மேலயும் கீழயும் தேய்ச்சன். சுருக்கம் எல்லாம் போய் ஃபில்ம் மேளம் மாதிரி இறுகினாப் பிறகும் நல்லா ஆறுமட்டும் கையை விடக்கூடாது, விட்டா பழையபடி போயிடும் (அவனுக்குக் கை உளைஞ்சு ஒரே புறுபுறுப்பு).

அறுவடை முடிஞ்ச வயல்ல விட்டுப் பாத்தன், ட்ரிம் நடுவுக்கு வந்திட்டுது, லூப்பும் நேர். செட்டை நீளம் 40 இஞ்சி வாற சின்ன பிளேன் எண்டா சூட்டைக் குறைச்சு வையுங்கோ, மெல்லிய பல்சா, மற்றப் பக்கம் முறுகிடும்.