பார்ட்னர்ஷிப் டீடில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து தொழில் தொடங்கினால், "நமக்குள்ள எதுக்கு டீடு, பத்திரமெல்லாம்" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். நீங்கள் எழுதாவிட்டால் என்ன, 1932-லேயே உங்களுக்காக எழுதி வைத்துவிட்டார்கள். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்று பெயர். நீங்கள் பேசி முடிவு செய்யாமல் விட்ட இடத்திலெல்லாம் அது சொல்வதுதான் செல்லும்.

திருப்பூரில் ஒரு பனியன் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 20 லட்சம் போடுகிறார், இன்னொருவர் 2 லட்சம் போட்டுவிட்டுக் காலையிலிருந்து ராத்திரி வரை யூனிட்டிலேயே கிடக்கிறார். லாபத்தை எப்படிப் பிரிப்பது? ஒன்றும் பேசிவைக்கவில்லை என்றால் 13-வது பிரிவின்படி சரிபாதி, நஷ்டமும் சரிபாதி. உழைத்தவருக்குச் சம்பளம் கிடையாது, 20 லட்சத்துக்கு வட்டியும் கிடையாது. முதலுக்கு மேல் யாராவது அவசரத்துக்குக் கைக்காசு போட்டிருந்தால் அதற்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீதம். இரண்டு பேருக்குமே வயிறு எரியும்.

அதனால் முதலில் எழுத வேண்டியது பங்கு விகிதம், நஷ்ட விகிதம், ஒர்க்கிங் பார்ட்னரின் சம்பளம், முதலுக்கு வட்டி. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால் சண்டை வந்தபின் அதை நிரூபிப்பது யார்? வரிக் கணக்கிலும் இது உதைக்கும்: டீடில் இல்லாத சம்பளத்தையும் வட்டியையும் நிறுவனத்தின் செலவாகக் காட்ட முடியாது, டீடில் இருந்தாலும் வட்டிக்கு 12 சதவீதம்தான் உச்சவரம்பு.

அப்புறம் கையெழுத்து. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். தொழில் சம்பந்தமாக உங்கள் பார்ட்னர் நூலைக் கடனுக்கு வாங்கினால் அது நிறுவனத்தின் கடன், நிறுவனத்திடம் பணம் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் முழுத் தொகைக்கும் உங்கள் ஒருவர் மேலேயே வழக்குப் போடலாம், உங்கள் சொந்த வீடு வரைக்கும் வரலாம். "50,000-க்கு மேல் இருவரும் கையெழுத்திட வேண்டும்" என்று டீடில் எழுதினாலும், அது தெரியாமல் வியாபாரம் செய்த வெளியாளை அது கட்டுப்படுத்தாது. எனவே டீடோடு நிறுத்தாமல் வங்கியிலும் இருவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், பெரிய சப்ளையர்களுக்கும் கடிதம் அனுப்பிவிடுங்கள். இந்த ரிஸ்க்கே வேண்டாம் என்றால் 2008 சட்டத்தின்படி எல்எல்பி, அதாவது பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம், தொடங்கலாம். கணக்கு வழக்கு வேலை கூடும், ஆனால் கடன் பெரிதாக ஓடும் தொழிலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சாதாரணப் பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 1932 சட்டத்தின் 69-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், பதிவாகாத நிறுவனம் வியாபாரத்தில் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது, அவரோ உங்கள் மேல் தாராளமாகப் போடலாம். ஜிஎஸ்டி எண் இருக்கிறதே என்பார்கள், அது வேறு, இது வேறு. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு செல்லாது. தமிழ்நாட்டில் இந்தப் பதிவைச் செய்வது மாவட்டப் பதிவாளர் அலுவலகம். நிறுவனத்தின் பெயர், இடம், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, முகவரி, எத்தனை காலத்துக்கு என்ற விவரங்களோடு எல்லாரும் கையெழுத்திட்ட விண்ணப்பம் வேண்டும்.

கடைசியாக, பிரிவது. ஆரம்பத்தில் இதைப் பேச எல்லாருக்கும் கூச்சம். ஒரு பார்ட்னர் இறந்தால், டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, நிறுவனமே கலைந்துவிடும். எனவே மீதிப் பேர் தொடரலாமா, இறந்தவரின் பங்கை எப்படி மதிப்பிட்டுக் குடும்பத்துக்குக் கொடுப்பது என்று எழுதிவிடுங்கள். காலவரையறை போடவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து நிறுவனத்தைக் கலைக்கலாம். நீங்களே விலகினால், பதிவான நிறுவனமாக இருந்தால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர் மொழிப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிப்பு வெளியிடுங்கள். அது வரும்வரை பழைய பார்ட்னர் வாங்கும் புதுக் கடனுக்கும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.